கண்ணுக்குத் தெரியும் பூச்சு! கண்ணுக்குத் தெரியாத வரி!

(படிப்பகத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

தார்ப்பாய் தெரியுமல்லவா உங்களுக்கு? தெரியாமலென்ன! ஒழுகும் கூரை மீது விரிப்பது அது. களத்திலே காயும் நெல்லை, கருமேகம் கண்டதும் ஓடோடி வந்து மூடுவது அது. லாரியின் முதுகிலே கயிறு கட்டிக் கிடப்பது அது. மணவீட்டுப் பந்தலுக்கும் அதுதான். பிணம் கிடக்கும் வீட்டு வாசலுக்கும் அதுதான். தூறல் விழுந்தால் நமது மேடைக்கும் அதுதான் — மேடைக்கு மட்டும்தான், கேட்கும் மக்கள் நனைவார்கள், அது வேறு கதை!

அதன் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். தார் — பாய். முன்னாளிலே கித்தான் துணியிலே தாரைப் பூசி, நீர் புகாதபடி செய்து, கப்பல் சரக்கை மூடினார்கள். தார்ப்பாலின் என்றான் வெள்ளைக்காரன். அந்த ஒலி தமிழன் காதிலே விழுந்தது. "பாலின்" என்றால் என்னவென்று அவன் அகராதியைப் புரட்டவில்லை. பாய் என்றான், வேலை முடிந்தது. இன்றைக்கோ, நீங்கள் கடையிலே வாங்குகிற தார்ப்பாயிலே தாரும் இல்லை. அது பாயும் இல்லை. பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. பேச்சு வழக்கிலே இதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் துறைமுகத்திலே, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது என்ன?" என்று சுங்க அதிகாரி கேட்கிறாரே, அங்கே பெயர் பிசகினால் பை காலி!

இதையெல்லாம் நான் ஏன் பேச வந்தேன்? கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு வந்தவன் நான். பொருளாதாரப் பாடநூலின் கடைசிப் பக்கத்தை இன்றுவரை பார்த்ததில்லை. நாடகம் எழுதத் தெரியும். நாலு பேர் கேட்கும்படி பேசத் தெரியும். அப்படிப்பட்ட என்னைச் சுங்க அட்டவணையைப் படிக்க வைத்தவர் ஒரு தார்ப்பாய்க் கடைக்காரர்.

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரையேறிற்று. தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது, குடும்பங்கள் தார்ப்பாயின் கீழே குடியேறின. அதற்குச் சில வாரங்கள் கழித்து, காவிரிப் படுகையிலே ஒரு சிற்றூரிலே, நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிற அந்தப் பெரியவர் என்னைக் கடைக்குள் அழைத்தார். இரண்டு பட்டியல்களை என் முன்னே போட்டார். இரு வேறு ஆலைகளிலிருந்து வந்த சரக்கு. அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே தார்ப்பாய். ஒரே நீலம், ஒரே கனம். ஒரு பட்டியலிலே அது துணிக் கணக்கிலே எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றிலே பிளாஸ்டிக் கணக்கிலே எழுதப்பட்டு 18 விழுக்காடு வரி போடப்பட்டிருந்தது. துணிக் கணக்கிலே வரி குறைவு.

"தம்பி! மேடையிலே விலைவாசியைப் பற்றி விளாசுகிறீர்களே, இதற்கு விளக்கம் சொல்லுங்கள். இது துணியா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார்.

தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் என்று விரல் சொல்லிற்று. உற்றுப் பார்த்தேன். ஊடும் பாவுமாக நெய்திருக்கிறதே, துணி என்று கண் சொல்லிற்று. "பிறகு சொல்கிறேன், ஐயா" என்று நழுவினேன். பேச்சாளன் வாயடைத்து நின்ற நாள் அது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பேச்சு.

முதலிலே, அது எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். அரிசிக் குருணை போலச் சிறு மணிகளாக வருகிறது பாலிஎத்திலீன். அதை உருக்கி மெல்லிய படலமாக இழுக்கிறார்கள். வரிசையாக நிற்கும் கத்திகள் அந்தப் படலத்தை நாடா நாடாவாகக் கீறுகின்றன. சூடேற்றி நாடாவைப் பல மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். அந்த இழுப்பிலேதான் அதற்கு வலிமை வருகிறது. பிறகு கண்டிலே சுற்றித் தறியிலே ஏற்றி நெய்கிறார்கள். நெய்தால் போதுமா? நாடாவுக்கும் நாடாவுக்கும் இடையே துளி நீர் புகும் அல்லவா? ஆகவே உருகிய பிளாஸ்டிக்கை அதன்மேல் பூசி இடைவெளியை மூடுகிறார்கள். கருப்பையிலே பிளாஸ்டிக், தறியிலே துணி, பூச்சிலே மறுபடியும் பிளாஸ்டிக்! மூன்று பிறவி எடுக்கிறது தார்ப்பாய். எந்தப் பிறவிக்கு வரி கேட்பது?

சுங்கம் நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே வந்து குவிந்த பண்டங்களின் மீது புலி முத்திரை பொறித்து, உல்கு வாங்கிய அதிகாரிகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றே பெயர் வந்தது. ஆனால் அன்றைய அதிகாரிக்கு இருந்த வசதி இன்றையவருக்கு இல்லை. மிளகு மூட்டையைப் பிரித்தால் மிளகு. குதிரையை இறக்கினால் குதிரை. இது குதிரையா, குதிரை உருவிலே உள்ள வேறொன்றா என்று வழக்குப் போட யாருமில்லை.

இன்றைக்கு உலக நாடுகள் பலவும் ஒரே அகராதியை வைத்துக்கொண்டு பொருள்களுக்குப் பெயர் சூட்டுகின்றன. 1983ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரிலே உருவான ஒப்பந்தம். 1988 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 21 பிரிவுகள். 97 வரை எண்ணிட்ட அத்தியாயங்கள். அதிலே 77ஆம் எண் காலி, எதிர்காலத்துக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். குதிரை முதல் கோயில் சிலை வரை எல்லாவற்றுக்கும் அதிலே ஓரிடம் உண்டு. இந்தியாவின் 1975ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டண அட்டவணைச் சட்டம் இப்போது அந்த அகராதியின் வழியிலேயே நடக்கிறது. பிளாஸ்டிக்குக்கு 39ஆம் அத்தியாயம். செயற்கை இழைக்கும் அதன் நெசவுக்கும் 54. பூச்சுப் பூசிய துணிக்கு 59. தைத்து முடித்த துணிப் பொருளுக்கு 63. தார்ப்பாய் என்ற பெயரே 6306ஆம் தலைப்பிலே இருக்கிறது.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததே, தார்ப்பாயை 6306இலே போட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! அந்த வீட்டுக்குள் நுழையத் துணிக்கு மட்டும்தான் உரிமை. ஓரம் மடித்துத் தைத்து, மூலைக்கு மூலை உலோக வளையம் அடித்து, அலங்காரமாக வந்து நின்றாலும், "நீ துணிதானா?" என்று வாசற்படியிலே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தலைப்பிலே இல்லை. தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்திலே, குறிப்பு என்ற பெயரிலே ஒளிந்திருக்கிறது. அட்டவணையைப் படிக்கிறவர்கள் எண்ணைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள்; குறிப்பைப் படிக்கிறவன்தான் வழக்கிலே வெல்கிறான்.

நாடகக்காரனுக்குக் குறிப்பைப் படித்தால் காட்சி தோன்றும். எனக்குத் தோன்றிய காட்சி இது. நடந்ததல்ல, நான் புனைந்தது. ஆனால் அதிகாரி சொல்லும் விதிகள் மட்டும் என் கற்பனையல்ல.

இடம்: துறைமுகத்திலே ஓர் ஆய்வு அறை. மேசைமீது நீலத் தார்ப்பாய்த் துண்டு. அதிகாரி, ஆய்வாளர், கைகட்டி நிற்கும் வணிகர்.

அதிகாரி: நாடாவின் அகலம் என்ன?

ஆய்வாளர்: இரண்டரை மில்லிமீட்டர்.

அதிகாரி: 5 மில்லிமீட்டருக்குள் அடக்கம். ஆகவே, நெய்தது துணி.

வணிகர்: துணியா! பிளாஸ்டிக் குருணையிலே பிறந்ததல்லவா, ஐயா?

அதிகாரி: இங்கே பிறப்பைப் பார்ப்பதில்லை. அகலத்தைத்தான் பார்க்கிறோம்.

வணிகர்: ஆகா! பிறப்பைப் பாராத இடம் நாட்டிலே ஒன்றாவது இருக்கிறதே! துணியென்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அதிகாரி: பொறும். பூச்சு உண்டா?

ஆய்வாளர்: உண்டு. நீலம் பளபளக்கிறது.

அதிகாரி: நிறம் மாறுவதைக் கணக்கிலே எடுக்கலாகாது. நிறத்தை விட்டுவிட்டுப் பாரும். வெறுங்கண்ணுக்குப் பூச்சு தெரிகிறதா?

ஆய்வாளர்: நாடாக்களுக்கு இடையிலே படலம் தெரிகிறது. ஓரத்திலேயும் தெரிகிறது.

அதிகாரி: எத்தனை பக்கம்?

ஆய்வாளர்: இரண்டு பக்கமும். முழுவதும்.

அதிகாரி: அப்படியானால் துணியல்ல. பிளாஸ்டிக். 39ஆம் அத்தியாயம்.

வணிகர்: இப்போதுதானே ஐயா, துணி என்றீர்கள்!

அதிகாரி: பூசுவதற்கு முன்னே துணி. பூசிய பின்னே பிளாஸ்டிக்.

வணிகர்: ஒரு பக்கம் மட்டும் பூசியிருந்தால்?

அதிகாரி: துணி. 59.

வணிகர்: பூசியும் கண்ணுக்குத் தெரியாவிட்டால்?

அதிகாரி: துணி. 54.

வணிகர்: பார்க்கிறவர் கண் மங்கலாக இருந்தால்?

(அதிகாரி பதில் சொல்லவில்லை. திரை.)

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்னொன்று இருக்கிறது, கேளுங்கள். பூசிய துணியை 7 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள உருளை ஒன்றிலே கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். முறியாமல் வளைந்தால் 59ஆம் அத்தியாயத்தின் வாசல் திறக்கும். முறிந்தால் பெரும்பாலும் 39தான் புகலிடம். இந்தச் சோதனையை எந்த வெப்பத்திலே செய்வது? 15 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே! சித்திரை மாதத்திலே வேலூர்த் தெருவிலே நின்று வளைத்துப் பார்த்தால் செல்லாது, தோழர்களே. சட்டத்துக்குக் குளிர்ச்சி வேண்டும்!

அந்த 5 மில்லிமீட்டரைப் பற்றியும் ஒரு சொல். நாடா அதைவிட அகலமாக இருந்தால் துணிக் குடும்பத்திலே இடமில்லை. அதைக் கொண்டு பின்னியதும் நெய்ததும் கூடை, பாய், முடைபொருள்கள் இருக்கும் 46ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். அகலம் என்றால் விரித்து அளந்த அகலமல்ல. தோற்ற அகலம் என்கிறார்கள். 8 மில்லிமீட்டர் நாடாவை இரண்டாக மடித்துத் தறியிலே விட்டால், அது 4 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. கூடையாக இருந்திருக்க வேண்டியது மடிப்பு ஒன்றினாலே துணியாகிறது!

இப்படியெல்லாம் நடப்பது நம் நாட்டில் மட்டுமா என்றால், இல்லை. அமெரிக்க நாட்டிலே 1893ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து தக்காளி காயா கனியா என்று தீர்ப்புச் சொல்லிற்று. செடியியல் அறிஞர் கனி என்பார்; ஆனால் சமையற்கட்டிலே அது காய்; காய்கறிக்கு 10 விழுக்காடு வரி; எடு பணத்தை என்றது. 2003ஆம் ஆண்டு அதைவிடச் சுவையான வழக்கு. எக்ஸ்-மென் என்ற கதைமாந்தர்களின் உருவப் பொம்மைகள் மனித உருவமா, மனிதரல்லாத உருவமா என்ற வழக்கு. மனித உருவம் என்றால் 12 விழுக்காடு. வெறும் விளையாட்டுப் பொருள் என்றால் 6.8 விழுக்காடு. அந்தக் கதைமாந்தர்களை மனிதராக மதியுங்கள் என்றுதான் கதை முழுவதும் கேட்கிறது. இறக்குமதி செய்த நிறுவனமோ நீதிமன்றத்திலே நின்று, அவர்கள் மனிதரல்லர் என்று வாதாடிற்று! நீதிபதியும் ஒப்புக்கொண்டார். ஐந்தேகால் விழுக்காட்டுக்குச் சற்றே குறைந்த தொகைக்காகத் தன் கதைமாந்தரின் மனிதத்தன்மையையே விட்டுக்கொடுத்தார்கள். நான் நாடகம் எழுதுகிறவன். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் நாட்டு நீதிமன்றம் என்ன சொல்லிற்று? மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று. 1990ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பிலே வெளிவந்தது. உற்பத்தி வரி வழக்கு. உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் நாடாவும், அதை நெய்து செய்த சாக்கும் துணியா, பிளாஸ்டிக்கா என்பது கேள்வி. அவை பிளாஸ்டிக்கே என்றது நீதிமன்றம். மூலப்பொருள் பிளாஸ்டிக் என்பது அங்கே முதன்மையாகப் பேசப்பட்டது. என் காட்சியிலே வந்த அதிகாரி பிறப்பைப் பாராதவர்; நீதிமன்றம் பிறப்பைப் பார்த்தது. ஒரு பக்கம் உலக அகராதியின் அளவுகோல். மறுபக்கம் உள்நாட்டுத் தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே தார்ப்பாய்! என் கடைக்காரப் பெரியவரின் இரண்டு பட்டியல்களும் ஏன் வேறுபட்டன என்பது இப்போது விளங்குகிறதா? ஒரு ஆலை ஒரு கையைப் பிடித்தது, மற்ற ஆலை மற்றொரு கையைப் பிடித்தது.

"வெளிநாட்டுச் சரக்குக்குத்தானே சுங்கம்? பெரியவர் வாங்கியது உள்நாட்டு ஆலைச் சரக்கல்லவா? அதற்கேன் சுங்க அட்டவணை?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி; நானும் அதைத்தான் கேட்டேன். 2017 சூலை முதல் நாள் வந்த சரக்கு - சேவை வரியின் அட்டவணை, பொருளுக்குப் பெயர் வைக்கும் வேலையைத் தான் செய்யவில்லை. சுங்க அட்டவணையின் எண்களையும் குறிப்புகளையும் அப்படியே கடன் வாங்கிக்கொண்டது. துறைமுகத்திலே எழுதிய சொல் கிராமத்துக் கடை வரை நடந்து வந்துவிட்டது! கப்பலையே பார்த்திராத கூரைக்காரனும் இப்போது சுங்க அகராதியின் குடிமகன்.

2018ஆம் ஆண்டு நிலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விதியின் எழுத்துப்படி, குறுகிய நாடாவிலே நெய்து பூசாமல் விட்டால் 54ஆம் அத்தியாயத்துத் துணி, 5 விழுக்காடு. ஒரு பக்கம் பூசினால் 59, 12 விழுக்காடு. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியப் பூசினால் 39, 18 விழுக்காடு. மழை அதிகமாக ஒழுகுகிறவனுக்கு எது வேண்டும்? இரண்டு பக்கமும் பூசியது! வானம் எவ்வளவுக்கு எவ்வளவு அவன்மேல் இறங்குகிறதோ, வரியும் அவ்வளவுக்கு ஏறுகிறது. யாரும் உட்கார்ந்து, ஏழையை வாட்டுவோம் என்று திட்டமிட்டதாக நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. மேசைத் துணிக்கும், மழைக் கோட்டுக்கும், மோட்டார் வண்டியின் இருக்கை உறைக்கும் வைத்த அளவுகோல், தார்ப்பாயின்மேல் வந்து விழுந்தபோது அதன் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்க அந்தக் குறிப்பிலே கண் இல்லை. அவ்வளவுதான்.

அளவுகோலே வேண்டாம் என்று சொல்லவும் நான் வரவில்லை. அளவுகோல் இல்லாத சுங்கம் என்றால், அதிகாரியின் நாக்கே அளவுகோல். சென்னையிலே துணி, மும்பையிலே பிளாஸ்டிக், தூத்துக்குடியிலே "பார்த்துச் செய்யலாம்" என்றாகும். 7 மில்லிமீட்டர் உருளை வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உருளை கையூட்டு வாங்காது! வேடிக்கையான விதி, விதியில்லாத வேடிக்கையைவிட மேல்.

அப்படியானால் குறை எங்கே? கோட்டிலே அல்ல. கோட்டின் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு வரி வைத்தார்களே, அங்கே. நாம் நிதிநிலை அறிக்கை வந்ததும் விகிதத்தைப் பற்றி முழங்குகிறோம். 5 ஏன் 12 ஆயிற்று, 12 ஏன் 18 ஆயிற்று என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். விகிதத்தைத் தொடாமலே, ஒரு பொருளை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் குடிமாற்றினால் வரி ஏறிவிடும் என்பதை நாம் பார்ப்பதில்லை. அதற்கு நாடாளுமன்றத்திலே கூச்சல் எழாது. ஒரு சுற்றறிக்கை போதும்.

சாக்கின் கதையைக் கேளுங்கள். தார்ப்பாயின் தம்பி அது. அதே நாடா, அதே தறி. அரிசிக்கும் உரத்துக்கும் சிமெண்டுக்கும் பை. 63ஆம் அத்தியாயத்துத் துணிச் சாக்கு என்றால் 5 விழுக்காடு. 39ஆம் அத்தியாயத்துப் பிளாஸ்டிக் பை என்றால் 18. 13 விழுக்காடு இடைவெளியிலே எத்தனை வாதங்கள் முளைக்கும்! 2018 டிசம்பர் 31ஆம் நாள், ஆண்டு முடிகிற அன்று, ஒரு சுற்றறிக்கை வந்தது. மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டிய நெய்த பை பிளாஸ்டிக் பையே, 18 விழுக்காடு. படலம் ஒட்டாததை அது ஆன மூலப்பொருளைப் பார்த்து வகைப்படுத்துக என்றது. மூலப்பொருளைப் பார்ப்பதா, நெசவைப் பார்ப்பதா என்பதுதானே வழக்கே! நோயாளி நோய் என்ன என்று கேட்டால், உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று மருத்துவர் சொல்வது போல.

பிறகு 2019 செப்டம்பரிலே வரி மன்றம் கூடிற்று. 5, 12, 18 என்று சிதறிக் கிடந்ததை மாற்றி, படலம் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், சரக்குக் கட்டும் நெய்த பைகளுக்கெல்லாம் ஒரே விகிதம், 12 என்றது. நல்லதுதானே! துணியா பிளாஸ்டிக்கா என்ற கேள்வியின் நாக்கு அன்றைக்கே அறுந்தது. எந்த வீட்டிலே குடியிருந்தாலும் ஒரே வாடகை என்றால் வீட்டுக்காக யார் வழக்காடுவார்? ஆனால் சில மாதங்கள்கூட நிற்கவில்லை. கோரிக்கைகள் வந்தன என்று சொல்லி, அந்த டிசம்பரிலேயே அதே மன்றம் 18 ஆக்கிற்று. 2020 சனவரி முதல் நாள் அது நடப்புக்கு வந்தது.

வரியை ஏற்று என்று கோரிக்கையா? ஆமாம், அதிலே ஒரு நியாயமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆலைக்காரர் வாங்கும் குருணைக்கு 18 கட்டுகிறார். விற்கும் பைக்கு 12 மட்டும் வாங்கினால், கட்டியது மிச்சமாக அரசிடம் தேங்கி நிற்கும். அதைத் திரும்பப் பெற அலைய வேண்டும். விற்பதற்கும் 18 என்றால் கணக்கு நேராகிவிடும். ஆலைக்கு அது நட்டமில்லை. அடுத்த வணிகனுக்கும் நட்டமில்லை. தான் கட்டியதைத் தன் கணக்கிலே கழித்துக்கொள்வான். கழித்துக்கொள்ள முடியாதவன் ஒருவன் இருக்கிறான். நெல் மூட்டையின் மீது விரிக்கத் தார்ப்பாய் வாங்கும் உழவன். பறந்த கூரைக்குப் பதில் வாங்கும் தாய். அவர்களுக்குப் பதிவு எண் இல்லை, கழிவு இல்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர்கள். கோடு மறைந்தது, மகிழ்ச்சி. எந்தப் பக்கத்து விகிதத்திலே மறைந்தது என்று பார்த்தீர்களா? உயர்ந்த பக்கத்திலே!

2025 செப்டம்பர் 22 முதல் 12 என்ற படியைப் பெரும்பாலான பொருள்களுக்கு எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் 5, அல்லது 18. எளிமை என்றார்கள். ஏணியிலே நடுப்படியைப் பிடுங்கிவிட்டால் ஏணி எளிமையாகத்தான் தெரியும். ஆனால் எந்தப் பொருளின் நெற்றியிலே துணியா பிளாஸ்டிக்கா என்ற கேள்வி இன்னும் ஒட்டியிருக்கிறதோ, அந்தப் பொருளுக்கு ஒரு படி தவறினால் ஏற்படும் சறுக்கல் இப்போது 13 விழுக்காடு.

யார் இதைத் தீர்மானிக்கிறார்கள்? சரக்கு வரி விகிதத்தைப் பற்றியாவது மன்றத்திலே மாநிலங்களுக்கு இருக்கை உண்டு. வாக்கின் மதிப்பிலே மூன்றில் ஒரு பங்கு டில்லிக்கு, மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்: டில்லி தலையசைக்காமல் ஒன்றும் நிறைவேறாது. ஆயினும் பேச இடமுண்டு. சுங்கத்திலே அதுவும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலிலே 83ஆம் இனம்: சுங்க வரி. அந்த அகராதியைத் திருத்தும்போது, புயல் கரையேறும் மாநிலத்தை யாரும் கேட்கக் கடமைப்பட்டவரல்லர். தார்ப்பாய் மிகுதியாக விரியும் இடம் எதுவென்று கடற்கரை மாவட்டங்களுக்குத் தெரியும், அட்டவணைக்குத் தெரியாது.

சிறு வணிகனின் பாட்டைக் கேட்டால் இன்னும் கசக்கும். அவன் நல்லெண்ணத்தோடு துணி என்று எழுதி இறக்குமதி செய்கிறான். பெட்டி வெளியே வந்துவிடுகிறது. சரக்கு விற்றும் தீர்ந்துவிடுகிறது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, குறைந்து போன வரியைக் கேட்டுச் சாதாரணமாக இரண்டு ஆண்டுக்குள் அறிவிப்பு அனுப்பலாம். வேண்டுமென்றே மறைத்தான் என்று குற்றம் சாட்டினால் ஐந்து ஆண்டு வரை போகலாம். விற்றுத் தின்ற சரக்குக்கு ஐந்தாண்டு கழித்து வரி! அதை யாரிடம் போய் வாங்குவான்? தார்ப்பாய் கிழிந்து குப்பையிலே கிடக்கும். வாங்கியவன் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருப்பான். முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டில்லியிலே ஒன்று, மும்பையிலே ஒன்று. பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் இருக்கிறார், ஆய்வுக்கூடம் இருக்கிறது. பூச்சை எந்த அளவு மெல்லியதாக்கினால் கண்ணுக்குத் தெரியாது என்று கணக்கிட்டுச் சரக்கையே அதற்கேற்பச் செய்யச் சொல்லும் ஆற்றல் இருக்கிறது. சின்னவனுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கண்ணும், அதிகாரி பார்த்தபடி பார்க்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, நான் கேட்பது பெரிதல்ல. மாவட்டந்தோறும் நமக்கு வணிகத் தோழர்கள் இருக்கிறார்கள், உழவர் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலே இருக்கும் பட்டியல்களை வாங்கிப் பாருங்கள். வரி விகிதத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்திலே நாலு இலக்கமோ ஆறு இலக்கமோ ஓர் எண் இருக்கும், அதைப் படியுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு எண் எங்கெல்லாம் ஓடுகிறதோ, அங்கெல்லாம் குறித்துக்கொண்டு வந்து நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். தார்ப்பாய்க்கு இரு பக்கமும் ஒரே வரி, அதுவும் தாழ்ந்த பக்கத்து வரி. குருணைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டுத் தொகையைத் தாமதமின்றி ஆலைக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு. இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கேட்டால், ஆலைக்காரரும் உழவரும் எதிரெதிரே நின்று மோதிக்கொள்வார்கள்; நடுவிலே டில்லி நடுவராக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைக்காரப் பெரியவரிடம் போய்க் கடனைத் தீர்த்தேன். இத்தனையும் சொன்னேன். 5 மில்லிமீட்டரைச் சொன்னேன், 7 மில்லிமீட்டர் உருளையைச் சொன்னேன், இரண்டு பக்கப் பூச்சைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்திலே இருந்த சுருளிலிருந்து ஒரு முனையை இழுத்து, வாசல் வெளிச்சத்திலே சாய்த்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, போட்டுக்கொண்டு ஒரு முறை.

"கண்ணாடி போட்டால் பூச்சு தெரிகிறது, தம்பி. கழற்றினால் தெரியவில்லை. நான் எதை எழுதட்டும்?" என்றார்.

நான் விடை தேடுவதற்குள், தலையிலே துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் உழவர் கடைக்குள் நுழைந்தார். கொள்முதல் நிலையத்து வாசலிலே நான்கு நாளாக நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம். மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறதாம். பதினெட்டுக்கு இருபத்து நான்கு அடியிலே ஒன்று வேண்டும், சீக்கிரம் என்றார். பெரியவர் பட்டியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தார்.